காட்டின் காலமும் உதவித்தொகையின் காலமும்

(இயற்கை வளங்களைக் குன்றாமல் பயன்படுத்துவதற்கான ஆய்வுகள், அவற்றைச் செய்யும் இளம் விஞ்ஞானிகளுக்கான நிதி ஆகியவை குறித்துப் பெங்களூரில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது மைசூர் சமஸ்தானத்துக்கு எதிர்பாராத நெருக்கடி ஒன்று வந்தது. காட்டில் சந்தன மரம் நின்றது, வாங்குவதற்கு ஆள் இல்லை. அதுவரை மைசூர்ச் சந்தனக்கட்டை ஏலத்தில் விலைபோய், கப்பலேறி, பெரும்பாலும் ஜெர்மனியில்தான் எண்ணெயாக வடிக்கப்பட்டது. போர் அந்த வழியை அடைத்துவிட்டது. சமஸ்தானம் உதவி கேட்டுப் போனது இதே ஊரில் 1909இல் நிறுவப்பட்டு, 1911இல் முதல் மாணவர்களைச் சேர்த்திருந்த இந்திய அறிவியல் நிறுவனத்திடம். அங்கே சட்பரோ, வாட்சன் என்ற இரு பேராசிரியர்கள் சந்தன எண்ணெயை ஆய்வகத்தில் வடித்துக் காட்டினார்கள். 1916இல் பெங்களூரில் எண்ணெய் ஆலை தொடங்கியது. பின்னர் மைசூரிலும் ஒன்று வந்தது. எஸ்.ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளரைச் சோப்புத் தயாரிப்பு கற்றுவர அரசே இங்கிலாந்துக்கு அனுப்பியது. அவர் திரும்பி வந்ததும் மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. இன்றும் நம் வீடுகளில் மணக்கும் அந்தச் சோப்புக்குப் பின்னால், சரியான நேரத்தில் ஒரு இளைஞருக்குக் கிடைத்த படிப்புச் செலவு இருக்கிறது.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. சந்தன மரத்தைப் பிடிக்கும் ஸ்பைக் நோய் முதன்முதலில் 1899இல் குடகில் பதிவாயிற்று. இலைகள் சிறுத்து, விறைத்து, கொம்பிலிருந்து முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். எண்ணெய் வடித்துக் கொடுத்த அதே நிறுவனத்தில் 1920களிலும் 1930களிலும் பல ஆய்வாளர்கள் இந்த நோயோடு மல்லுக்கட்டினார்கள். காரணம் பாக்டீரியாவை ஒத்த, செல்சுவர் இல்லாத ஒரு நுண்ணுயிர் என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, 1969இல்தான் தெரிந்தது. நோய் பதிவானதற்கும் காரணம் தெரிந்ததற்கும் இடையில் எழுபது ஆண்டுகள். காட்டில் நிற்கும் மரத்துக்குக் கொடுக்கக்கூடிய உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. நோயும், திருட்டும், அளவுக்கு மீறிய வெட்டும் சேர்ந்து சந்தனத்தை 1998இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் கொண்டு சேர்த்தன.

எண்ணெய் வடிக்கும் அறிவியலுக்குப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் போதுமாக இருந்தன. மரத்தைக் காக்கும் அறிவியலுக்குத் தலைமுறைகள் தேவைப்பட்டன. முதல் வகைக்கு நிதி கிடைப்பது எளிது. பொருள் கையில் வரும், கணக்கு நேராகும். இரண்டாவது வகை ஆய்வைப் பெரும்பாலும் செய்பவர்கள் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஆய்வு மாணவர்கள், முனைவர் பட்டம் முடித்த கையோடு அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பவர்கள். காட்டில் தங்கி, ஒரே மரத்தை ஆண்டு தவறாமல் அளந்து, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி, அதற்குப் பிறகுதான் அவர்களால் ஒரு முடிவு சொல்ல முடியும். அவர்களுக்கு வேண்டிய பணம் பெரிதில்லை. அது சரியான நேரத்தில் வர வேண்டும், பாதியில் நிற்காமல் வர வேண்டும், ஆய்வுப் பொருளின் காலத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். இன்று நம்மிடம் குறைவது இந்த மூன்றுமே. பெங்களூரின் அரை நூற்றாண்டு அனுபவத்திலிருந்தே இதை எடுத்துக்காட்ட முடியும்.

1970களின் தொடக்கத்தில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் சதீஷ் தவான். விண்வெளித் துறைக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் என்றே பலரும் அவரை அறிவார்கள். அவர் எடுத்த இன்னொரு முடிவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஹார்வர்டில் படிப்பை முடித்து நாடு திரும்பியிருந்த இளம் தம்பதியை அவர் 1973இல் நிறுவனத்துக்கு அழைத்தார். மனைவி சுலோசனா காட்கில் பருவமழையை ஆராய்ந்தவர். கணவர் மாதவ் காட்கில் சூழலியலாளர், அப்போது வயது 31. சூழலியலுக்கென்று அங்கே துறையே கிடையாது. கோட்பாட்டு ஆய்வுகளுக்கான மையத்தில் இருவருக்கும் இடம் தரப்பட்டது. துறை உருவாகட்டும், பிறகு ஆளைத் தேடலாம் என்று தவான் காத்திருக்கவில்லை.

இரண்டே ஆண்டில் ஒரு கேள்வி அவர்களைத் தேடி வந்தது. வட கன்னட மாவட்டத்தின் தாண்டேலியில் வெஸ்ட் கோஸ்ட் காகித ஆலை இயங்கிவந்தது. அதற்கு மாநில அரசு டன் ஒன்றுக்கு 1.50 ரூபாய் விலையில் மூங்கில் கொடுத்தது. கூடை முடையும் மேதர் சமூகத்தினர் சந்தையில் அதே மூங்கிலுக்குக் கொடுத்த விலை அதைப் போலப் பல நூறு மடங்கு. மூங்கில் குறைந்துவருகிறது என்று கூடை முடைவோர் குரல் எழுப்பினார்கள். மூங்கில் அழிவதற்குக் காரணம் ஆலையா, மாட்டை மேய்ச்சலுக்கு விடும் கிராமத்தாரா என்று சர்ச்சை எழுந்தது. 1975இல் மாநில அரசு காட்கிலிடம் ஆய்வு கேட்டது. அவரோடு காட்டில் இறங்கியவர் எஸ். நரேந்திர பிரசாத் என்ற ஆய்வு மாணவர்.

மூங்கில் தூறின் அடியில் முள் நிறைந்த கிளைகள் பின்னிக் கிடக்கும். அதை வெட்டித் துப்புரவாக்கினால் நெருக்கடி குறைந்து மூங்கில் செழிக்கும் என்பது வனத்துறையின் நெடுநாள் விதி, ஆலையும் அதன்படியே நடந்தது. ஊர்க்காரர்கள் வேறு சொன்னார்கள்: புதுக் குருத்துக்கு முள்தான் வேலி, அதை எடுத்துவிட்டால் மாடு தின்னும், பன்றி தின்னும், குரங்கு தின்னும். காட்கிலும் பிரசாத்தும் தூறு தூறாகப் போய் அளந்தார்கள். ஊர்க்காரர்கள் சொன்னது அளவையிலும் உறுதியாயிற்று. முள் நீங்கிய தூறுகளில் குருத்துகள் தப்பிப் பிழைக்கவில்லை. மூங்கிலை வளர்ப்பதற்காக எழுதிய விதியே மூங்கிலை அழித்துக்கொண்டிருந்தது. காட்டில் எவ்வளவு மூங்கில் இருக்கிறது என்ற அரசு மதிப்பீடுகளும் மிகைப்பட்டவை என்று தெரிந்தது.

அந்த ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. அளவுநாடாவும், குறிப்பேடும், பல பருவங்கள் தொடர்ந்து காட்டில் இருக்க ஒரு இளைஞருக்கு உதவித்தொகையும் போதுமாக இருந்தன. பல பருவங்கள் என்பதுதான் இதில் முக்கியம். குருத்து மழைக்காலத்தில் வரும். ஓராண்டுக் குருத்து பிழைத்ததா என்பதை மறு ஆண்டு போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஓராண்டு நிதியில் ஓராண்டு அறிக்கை எழுதியிருந்தால் பழைய விதி அப்படியே நீடித்திருக்கும்.

இந்த வேர்களிலிருந்துதான் 1983இல் சூழலியல் அறிவியல் மையம் இந்திய அறிவியல் நிறுவனத்தில் உருவானது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை அதற்கு ஆண்டுதோறும் நிதி தந்தது. அங்கே ஆய்வு மாணவராக இருந்த சென்னைக்காரர் ஆர். சுகுமார், பிலிகிரிரங்கன் மலையிலும் சத்தியமங்கலம் வட்டாரக் காடுகளிலும் யானைகளின் பின்னே அலைந்து, யானை ஏன் கேழ்வரகு வயலுக்கு வருகிறது என்று ஆராய்ந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1988இல் முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஏறத்தாழ 26,000 மரத்தண்டுகளுக்கு எண் கொடுத்தார்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்தில் அமைந்த 50 ஹெக்டேர் ஆய்வுத் திடல்தான் இதற்கு முன்னோடி. முதுமலைத் திடலில் ஒவ்வொரு ஆண்டும் எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்ற கணக்கெடுப்பு நடந்துவருகிறது. வறட்சியையும் காட்டுத் தீயையும் யானையையும் எந்த மரம் தாங்கும், எது தாங்காது என்று இன்று தென்னிந்திய வறள்காடுகளைப் பற்றிச் சொல்ல முடிகிறதென்றால், தலைமுறை தலைமுறையாக வந்த மாணவர்கள் அந்த எண்களைத் தொடர்ந்து எழுதியதுதான் காரணம். ஒரு ஆண்டு விட்டுப்போனாலும் அந்த ஆண்டுக் கணக்கை வேறு எங்கிருந்தும் வாங்கி ஒட்ட முடியாது.

அதே காலத்தில் அதே வளாகத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. மின்வேதியியலில் உலகம் அறிந்த பாடநூலை எழுதியவர்களில் ஒருவரான அமுல்ய குமார் என். ரெட்டி, 1974இல் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தை வளர்க்க ‘அஸ்த்ரா’ என்ற மையத்தைத் தொடங்கினார். தும்கூர் மாவட்டத்தில் குணிகல் பக்கம் உங்கரா கிராமத்தில் ஒரு விரிவாக்க மையம் அமைத்து, சுற்றியுள்ள ஊர்களில் ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஊரின் ஆற்றலில் பெரும்பங்கு விறகு, அதுவும் சமையலுக்கு, அதைச் சுமப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும் என்பது அந்தக் கணக்கில் தெளிவாயிற்று. விறகு குறைவாக எரியும், புகை குறைவாக வரும் ‘அஸ்த்ரா ஒலே’ அடுப்பு அங்கிருந்துதான் கர்நாடக வீடுகளுக்குப் போனது. மண்ணை அழுத்திச் செய்யும் கட்டுமானக் கல்லில் கே.எஸ். ஜகதீஷும் சக ஆய்வாளர்களும் செய்த வேலையும் அங்கே வளர்ந்ததே.

அஸ்த்ரா குழுவினர் பூரா என்ற ஊரில் முதலில் சமையலுக்குச் சாண எரிவாயு கொடுக்க முயன்றார்கள். அது எடுபடவில்லை. எல்லா வீட்டு அடுப்புக்கும் போதுமான சாணம் கிடைக்கவில்லை, ஊராருக்கு அதைவிட அவசரமாக வேண்டியிருந்தது குடிநீர். 1987இல் திட்டம் திசை மாறியது. எரிவாயுவால் எஞ்சின் ஓடியது, மின்சாரம் வந்தது, ஆழ்துளைக் கிணற்று நீர் குழாயில் வந்தது, வீடுகளில் விளக்கு எரிந்தது. முதல் முயற்சி தோற்றதும் நிதி நின்றிருந்தால் இரண்டாம் முயற்சிக்கு இடமே இருந்திருக்காது. ரெட்டிக்கு 2000இல் வேறு மூன்று அறிஞர்களோடு பகிர்ந்து வோல்வோ சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்த விருதுக்குப் பின்னே உங்கராவில் சாணத்தையும் விறகையும் எடைபோட்ட இளம் பொறியாளர்களின் பல ஆண்டு உழைப்பு உண்டு.

இனி பிலிகிரிரங்கன் மலைக்கு வருவோம். பெங்களூரிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே வாழும் சோளிகர்கள் நெல்லிக்காயும் தேனும் கல்பாசியும் சேகரித்து, பழங்குடிக் கூட்டுறவுச் சங்கம் வழியாக விற்றுவந்தவர்கள். 1996இல் பெங்களூரில் கமல் பாவா நிறுவிய ‘ஏட்ரீ’ என்ற ஆய்வு அறக்கட்டளையின் ஆய்வாளர்களும், வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆர். உமாசங்கர், கே.என். கணேஷய்யா ஆகியோரும் அங்கே எழுப்பிய கேள்வி எளியது: நெல்லிக்காய் பறிப்பதால் நெல்லி மரம் குறைகிறதா?

பதில் வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. ஒரு மாணவர் விளைச்சலை மதிப்பிட்டார், இன்னொருவர் கிளையை முறித்துப் பறிப்பதற்கும் ஏறிப் பறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தார், மற்றொருவர் கன்றுகளை எண்ணினார். காய் பறிப்பது மட்டுமே காரணம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல விலகியது. நெல்லியின் மேல் வேர்விட்டு அதன் சாற்றை உறிஞ்சும் புல்லுருவி ஒன்று உண்டு, சோளிகர்கள் அதை உப்பிலு என்பார்கள். காட்டுத் தரையை மூடிக்கிடக்கும் உண்ணிச்செடி இன்னொன்று. 2012இல் தமாரா டிக்டின், ஆர். கணேசன், சித்தப்ப செட்டி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பல ஆண்டுக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்து, நெல்லி குறைவதற்குக் காய் பறிப்பதைவிட இவையே பெரிய காரணங்கள் என்று காட்டியது. முன்பு கோடை தொடங்கும்போது சோளிகர்கள் சருகுக்கு மட்டும் மிதமான தீ வைப்பார்கள். புல்லுருவியையும் உண்ணிச்செடியையும் அது மட்டுப்படுத்தியது என்பது அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. தீ தடை செய்யப்பட்டது. பின்னர் சரணாலயங்களில் வனப்பொருள் விற்பனையும் தடை செய்யப்பட்டது. 2011இல்தான் வன உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த மலையின் சோளிகர்களுக்குச் சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் கிடைத்த முதல் சமூக உரிமைகளில் அது ஒன்று.

இந்த ஆய்வில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. சோளிகர்கள் வழிகாட்டிகளாகவும் உதவியாளர்களாகவும் மட்டும் நின்றுவிடவில்லை. மரம் அளந்தவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் வரிசையில் வந்தது. சோளிகர் சமூகத்திலிருந்தே சி. மாதேகவுடா முனைவர் பட்டம் பெற்று ஆய்வாளராக உயர்ந்தார். இளம் விஞ்ஞானி என்றதும் நகரத்துப் பல்கலைக்கழக வாசலை மட்டும் பார்க்கும் நிதி நிறுவனங்கள் இந்த எடுத்துக்காட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

காட்டிலிருந்து நம் குழாய்க்கு வருவோம். 1890களில் பெங்களூருக்கு முதன்முதலாகக் குழாய்நீர் தந்தது அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரி. 1930களில் அதே ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. 1970களிலிருந்து நகரம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவிரியை நம்பத் தொடங்கியது. அர்க்காவதியில் நீர்வரத்து குறைந்துகொண்டே போனது. மழை குறைந்துவிட்டது என்பதே பலரும் சொன்ன காரணம். ஏட்ரீயில் அப்போது பணியாற்றிய வீணா ஸ்ரீநிவாசனும் அவரது குழுவும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே சோதித்தது. மழையளவிலும் வெப்பநிலையிலும் ஏற்பட்ட மாற்றம் ஆறு வற்றியதை விளக்கப் போதவில்லை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதும் யூகலிப்டஸ் தோப்புகள் பெருகியதும்தான் வலுவான காரணங்களாக நின்றன. வானத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் செய்ய ஏதுமில்லை. நிலத்தடி நீரும் தோப்பும் நம் முடிவுக்கு உட்பட்டவை. 2017இல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் நடுவதைத் தடை செய்தது. 2024 கோடையில் இந்த நகரம் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதை நினைத்துப் பார்த்தால், இப்படிப்பட்ட ஆய்வு இன்னும் பத்து ஆற்றுப்படுகைகளில் நடக்காதது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும்.

தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு கதையும் இங்கே சொல்லப்பட வேண்டும். கோவைக்கு அருகில் ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய ரவி சங்கரன் 1990களின் நடுவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் குகைகளில் ஒரு சிறு பறவையைத் தேடிப் போனார். உழவாரன் இனத்தைச் சேர்ந்த அந்தப் பறவை தன் எச்சிலாலேயே கூடு கட்டும். சீன உணவு வகைகளில் அந்தக் கூட்டுக்குப் பெரும் விலை. முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே கூட்டைப் பெயர்த்தெடுத்ததால், பத்தாண்டுகளில் பறவைகள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டன என்று அவர் கண்டறிந்தார். தடையைக் கடுமையாக்குங்கள் என்று எழுதிவிட்டு அவர் திரும்பிவரவில்லை. கூடு எடுத்தவர்களையே குகைக் காவலர்களாக்கி, குஞ்சு பறந்த பின்னர் கூட்டை எடுக்கும் முறைக்கு வழி தேடி, வனத்துறையோடு சேர்ந்து காவல் திட்டத்தைத் தொடங்கினார். காவல் இருந்த குகைகளில் பறவைகள் பெருகின. 2009இல், 45 வயதில், அந்த மையத்தின் இயக்குநராக இருந்தபோது அவர் மறைந்தார். அவர் பெயரில் இன்லாக்ஸ் அறக்கட்டளை நடத்தும் உதவித்தொகை இன்று இளம் சூழலியலாளர்களைக் களத்துக்கு அனுப்புகிறது.

மூங்கில், நெல்லி, ஆறு, பறவைக் கூடு. நான்கிலும் ஆய்வு தொடங்கும்போது எல்லோருக்கும் விடை தெரிந்தது போலத்தான் இருந்தது. பல பருவங்கள் களத்தில் நின்றவர்கள்தான் அந்த விடையைத் திருத்தினார்கள். அப்படி நிற்க நாட்டில் இன்று என்ன வசதி இருக்கிறது?

இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் மூத்த ஆய்வாளருக்கான எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்ந்து 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டத்துக்குப் பிறகு இன்ஸ்பயர் ஃபேகல்டி, ராமானுஜன் ஃபெலோஷிப் போன்றவை உண்டு. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்பது அதன் இலக்கு. அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, அதாவது தொழில்துறை, கொடையாளர்கள் முதலியோரிடமிருந்து வர வேண்டும் என்று திட்டமிடப்பட்டிருக்கிறது. புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கென்றே பிரதமர் பெயரில் தொடக்கநிலை ஆய்வு நிதியும் அந்த நிறுவனம் வழங்குகிறது. மொத்தத்தில் நாடு ஆய்வுக்குச் செலவிடுவது 2020-21 கணக்குப்படி உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. தென் கொரியா நான்கு விழுக்காட்டுக்கும் மேல் செலவிடுகிறது.

திட்டங்களின் பெயர்ப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. களத்தில் நிற்கும் மாணவரின் கணக்கு வேறு. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் பலமுறை பொதுவெளியில் எழுப்பிய புகார். ஆய்வகத்தில் பணம் தாமதமானால் சோதனையைத் தள்ளிப்போடலாம். நெல்லி பூக்கும் வாரத்தைத் தள்ளிப்போட யாராலும் முடியாது. ஏப்ரலில் வர வேண்டிய நிதி ஆகஸ்டில் வந்தால் ஜீப்பு வாடகைக்கும் களத் துணைவரின் கூலிக்கும் அந்த மாணவர் கடன் வாங்குகிறார், இல்லையென்றால் அந்தப் பருவத்தையே இழக்கிறார். ஐந்தாண்டு முனைவர் பட்டத்தில் பாடமும் அனுமதிகளும் போக மூன்று பருவங்கள்தான் மிஞ்சும். அதில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு ஆய்வு போயிற்று.

அடுத்த இடைவெளி பட்டம் முடிந்த பிறகு வருகிறது. ஒரு காட்டை, அதன் மக்களை, அவர்களின் மொழியை ஐந்தாண்டில் கற்றுக்கொண்ட ஒருவர், அடுத்த நிதி வரும்வரை ஓராண்டு, ஈராண்டு சம்பளமின்றி நிற்கிறார். பெண்களுக்கு இந்த இடைவெளி இன்னும் கடினம், குடும்பப் பொறுப்புகள் கூடும் வயதும் இதுவே. பலர் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கோ ஆலோசனைப் பணிகளுக்கோ போய்விடுகிறார்கள். அவர்களோடு அந்தக் காட்டைப் பற்றிய அறிவும் போய்விடுகிறது.

உலகில் இதற்கென்றே யோசித்தவர்கள் உண்டு. ஸ்டாக்ஹோமில் 1972இல் தொடங்கிய பன்னாட்டு அறிவியல் அறக்கட்டளை, வளரும் நாடுகளில் ஆய்வுப் பாதையின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே, உயிரின வளங்களையும் நீர்வளத்தையும் குன்றாமல் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுகளுக்குச் சிறு நிதி கொடுத்தது. இங்கிலாந்தின் ரஃபர்ட் அறக்கட்டளையின் சிறு நிதியில் தொடங்கிய இந்தியச் சூழலியலாளர்கள் ஏராளம். இவற்றின் விண்ணப்பம் சுருக்கமானது, தொகை சிறியது. ஒருவர் நன்றாகச் செய்தால் இரண்டாம் முறையும் கொடுப்பார்கள். சுவிட்சர்லாந்தின் பிராங்கோ வைஸ் ஃபெலோஷிப் திட்டத்தை நம்பாமல் ஆளை நம்பி ஐந்தாண்டு தருகிறது. இந்திய அறிவியல் நிறுவனத்தின் சூழலியல் மையத்தில் படித்து, அமெரிக்காவில் எலினார் ஆஸ்ட்ரமோடு பணியாற்றிய ஹரிணி நாகேந்திரா அந்த உதவித்தொகையைப் பெற்றவர். பெங்களூரின் ஏரிகளும் மரங்களும் அவற்றை நம்பி வாழ்ந்த மக்களும் அவர் கையில் முழுமையான ஆய்வுப் பொருளாயின. பொதுவளத்தை மக்களே கட்டுப்பாட்டோடு பேண முடியும் என்று காட்டியதற்காக ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் பரிசு பெற்றவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் பசுமை ஃபெலோஷிப் இளைஞர்களை இரண்டாண்டு மாவட்ட நிர்வாகத்தோடு இணைத்துப் பணியாற்ற வைக்கிறது. கர்நாடகத்தில் 1975இல் தொடங்கிய மாநில அறிவியல் தொழில்நுட்பக் கழகம் அஸ்த்ரா காலத்திலிருந்தே இத்தகைய ஆய்வுகளுக்குக் கைகொடுத்திருக்கிறது. மாநில அளவில் எடுக்கும் முடிவுக்கு ஒரு நன்மை உண்டு. வனத்துறை அனுமதி, ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. நிதியும் அனுமதியும் ஒரே மேசையிலிருந்து வந்தால் ஒரு பருவம் மிச்சமாகும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

உதவித்தொகை அரசு ஊழியரின் சம்பளம் போல மாதந்தோறும் குறித்த நாளில் வர வேண்டும். நிதியைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் எங்கோ ஒரு மேசையில் தங்கிவிட்டது என்பதற்காக ஒரு மாணவரின் உணவுச் செலவு நிற்கக் கூடாது. பட்டத்துக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே பதினெட்டு மாத இடைக்கால நிதி வேண்டும். முதுமலைத் திடல் போன்ற நெடுங்காலக் கணக்கெடுப்புகளுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிதாக விண்ணப்பிக்கும் கட்டாயம் இல்லாத தனி நிதி வேண்டும். களத் துணைவர்களின் ஊதியமும் காப்பீடும் விண்ணப்பத்திலேயே தனி இனமாக இடம்பெற வேண்டும். எந்தக் கேள்வியை ஆராய்வது என்று முடிவு செய்யும் குழுவில் மேதர், சோளிகர், மீனவர் போல அந்த வளத்தை நம்பி வாழ்பவர்களுக்கு இடம் தர வேண்டும். மூங்கிலில் சரியான விடை முதலில் அவர்களிடம்தான் இருந்தது.

இந்த நகரத்தின் தொழில்துறைக்கும் இதில் பங்குண்டு. 2013 நிறுவனங்கள் சட்டப்படி, குறித்த அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களிலும் தேசிய ஆய்வகங்களிலும் நடக்கும் அறிவியல் ஆய்வுக்கும் அந்தப் பணம் போகலாம் என்று 2019இல் விதி விரிவாக்கப்பட்டது. பெங்களூரின் செல்வர்கள் அறிவியலுக்குக் கொடுக்கத் தெரிந்தவர்கள். கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்ப அறக்கட்டளை இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூளை ஆய்வு மையத்துக்கு 225 கோடி ரூபாய் ஒதுக்கியது. ரோகிணி நிலேகணி தண்ணீருக்கென்றே ‘அர்க்யம்’ அமைப்பை நிறுவி நூறு கோடி ரூபாய் வைப்பு நிதி தந்தார். அத்தகைய பெருங்கொடைகளுக்கு இந்த நகரம் கடமைப்பட்டிருக்கிறது. இளம் களஆய்வாளருக்கான செலவு அவற்றின் பக்கத்தில் மிகச் சிறியது. இரண்டாண்டு ஜே.ஆர்.எஃப்., மூன்றாண்டு எஸ்.ஆர்.எஃப். என்று கூட்டினால் ஒருவரின் ஐந்தாண்டு உதவித்தொகை, வாடகைப் படி நீங்கலாக, 24 லட்சம் ரூபாய். 225 கோடியில் ஒரு விழுக்காடு இருந்தால் ஒன்பது பேரை ஐந்தாண்டு களத்தில் நிறுத்தலாம்.

அந்த ஒன்பது பேருக்கும் கேள்விகள் தயாராக இருக்கின்றன. சருகுத் தீயை எந்த மாதத்தில், எந்த இடைவெளியில் வைத்தால் உண்ணிச்செடி அடங்கும், நெல்லிக் கன்று பிழைக்கும்? யூகலிப்டஸ் தோப்பை அகற்றிய நிலத்தில் நிலத்தடி நீர் எத்தனை ஆண்டுகளில் மீளும்? சுத்திகரித்த கழிவுநீரால் நிரம்பும் கோலார் மாவட்டத்து ஏரிகளைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர் எப்படி மாறுகிறது? மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டு மிளகையும் சீயக்காயையும் எந்த அளவு எடுத்தால் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும்? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கைந்து பருவங்கள் வேண்டும். நிதியாண்டு முடிவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்புக் குழு கூடும்போது, இவற்றில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு ஆய்வாளருக்கு ஐந்தாண்டுக்கான எழுத்துப்பூர்வ உறுதி தருமாறு இந்த அவையிலுள்ள தொழில்துறையினரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.